தோரணம் இல்லாத தெருவின் கடைகள்

ஒரு கடையில் பொருள் வாங்கியவரோ பசியாறியவரோ, கடைக்காரர் கேட்டுக்கொள்ளாமலும் கூலி பெறாமலும், தம் திறன்பேசியில் எடுத்த படத்தையோ எழுதிய நாலு வரியையோ முகநூல், படவரி (இன்ஸ்டாகிராம்), டிக்டாக், கூகுள் வரைபடம் முதலிய தளங்களில் பிறர் பார்க்கும்படி வைப்பதைச் சந்தைத் துறையினர் பயனர் பகிர்வு என்று குறிப்பிடுகின்றனர். கடைக்காரர் பணம் கொடுத்துப் புகழ்பெற்ற ஒருவரை வரவழைத்து, சாப்பிட வைத்துப் படமெடுப்பது இதில் சேராது. அது புதுச் சட்டை போட்ட பழைய விளம்பரம். இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோல் இருப்பதாலும், பேச்சு வழக்கில் இரண்டையுமே வைரல் என்ற ஒரே சொல்லில் அடக்கிவிடுவதாலும், வணிகர் பலர் முன்னதன் பயனைப் பின்னதன் வழியில் தேடிப் பணத்தை இறைக்கின்றனர். பயனர் பகிர்வுக்கு மதிப்பு வருவதே அது கடைக்காரரின் கையில் இல்லாததால்தான் என்பதும், அதைத் தன் கைக்குள் கொண்டுவர ஒரு வணிகம் செய்யும் ஒவ்வொரு முயற்சியும் அம்மதிப்பில் கொஞ்சத்தைக் கரைத்துவிடுகிறது என்பதும் இங்கே எடுத்துக்கொள்ளப்படும் கருத்து. மலேசியாவின் கிள்ளான் பள்ளத்தாக்கிலுள்ள தமிழ்க் கடைகள் இதற்கு நல்ல சான்றுகள்.

இப்பள்ளத்தாக்கில் தமிழர் வணிகத்துக்கு முகவரியாக விளங்கும் தெருக்கள் இரண்டு. பிரிக்பீல்ட்ஸில் ஜாலான் துன் சம்பந்தனைச் சுற்றிய பகுதி, 2010 அக்டோபர் 27 அன்று இந்தியப் பிரதமர் மன்மோகன் சிங்கும் மலேசியப் பிரதமர் நஜிப் ரசாக்கும் கலந்துகொண்ட விழாவில் லிட்டில் இந்தியாவாகத் திறந்துவைக்கப்பட்டது. 2015 நவம்பரில், சாஞ்சித் தூபியின் வாயிலைப் பின்பற்றி எழுப்பப்பட்ட தோரண வாயிலை நரேந்திர மோடி அங்கே திறந்துவைத்தார். கிள்ளானின் ஜாலான் தெங்கு கிளானாவுக்கு அத்தகைய வாயில் தேவைப்படவே இல்லை; தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் அத்தெருவில் நடந்து கடக்க முயன்றவர்களுக்கு அதன் காரணத்தைச் சொல்லத் தேவையில்லை. ஸ்ரீ கெம்பாங்கானின் நிலைமை வேறு. 1950களின் தொடக்கத்தில், மலாயாவில் அவசரகாலச் சட்டம் நடப்பில் இருந்தபோது, சீனக் குடும்பங்களைக் குடியமர்த்தி உருவாக்கிய செர்டாங் பாரு புதுக்கிராமத்திலிருந்து வளர்ந்த நகரம் அது. பழைய ஈயச் சுரங்கக் குளம் இன்று தி மைன்ஸ் ஏரியாகிவிட்டது. 2023 மார்ச்சில் புத்ராஜெயா எம்ஆர்டி தடம் முழுமையாக ஓடத் தொடங்கியபின் அவ்வட்டாரத்துக்கு மெட்ரோ ரயிலும் வந்துவிட்டது. ஆயினும் கடைவீட்டு வரிசையில், கார் பழுதுபார்க்கும் பட்டறைக்கும் சலவைக்கடைக்கும் நடுவே அமைந்திருக்கும் ஒரு தமிழ் உணவகத்தைத் தேடிச் சுற்றுலாப் பேருந்து வருவதில்லை, அமைச்சர் வருவதில்லை, பத்திரிகைக்காரர் வருவதும் அரிது. அக்கடைக்குக் கிடைக்கக்கூடிய ஒரே தோரணம், அங்கே சாப்பிட்டுவிட்டுப் போனவர் எடுத்த படம்.

இதை வெறும் ஆறுதல் பேச்சென்று தள்ளிவிட முடியாது. ஹார்வர்ட் வணிகப் பள்ளியைச் சேர்ந்த மைக்கேல் லூக்கா, அமெரிக்காவின் சியாட்டில் நகர உணவகங்களின் வருவாய்க் கணக்குகளை, யெல்ப் என்னும் தளத்தில் வாடிக்கையாளர் அவற்றுக்கு அளித்த நட்சத்திரங்களோடு ஒப்பிட்டு 2011இல் ஓர் ஆய்வை வெளியிட்டார். ஒரு நட்சத்திரம் கூடினால் வருவாய் 5 முதல் 9 விழுக்காடுவரை கூடுகிறது என்ற அதன் முடிவு மட்டுமே வணிகப் பயிலரங்குகளில் திரும்பத் திரும்பக் காட்டப்படுகிறது. அதைவிடக் கவனிக்கத்தக்க இரண்டாவது முடிவு பெரும்பாலும் விடுபட்டுப்போகிறது. அந்தக் கூடுதல் வருவாய் தனிக்கடைகளுக்கே கிடைத்தது, ஊரெங்கும் கிளைகள் வைத்திருந்த தொடர் உணவகங்களுக்குக் கிடைக்கவில்லை. காரணம் எளிது. தொடர் உணவகத்தின் பெயர்ப்பலகையைப் பார்த்தவுடனேயே உள்ளே கிடைக்கப்போவது இன்னதென்று எல்லாருக்கும் தெரியும். அங்கே அந்நியர் ஒருவரின் சொல் புதிதாக எதையும் சேர்ப்பதில்லை. பெயர் தெரியாத கடையின் படியேற நினைப்பவருக்கு ஒரு தயக்கம் இருக்கிறது, அந்தத் தயக்கத்தைத்தான் முன்பு போய்வந்தவரின் சொல் போக்குகிறது. ஆகவே பயனர் பகிர்வு யாருக்கு மிகுதியாகப் பயன்படும் என்ற கேள்விக்கு, பிரிக்பீல்ட்ஸைவிட ஸ்ரீ கெம்பாங்கானுக்கு என்பதே பொருத்தமான விடை.

இனி, மக்கள் எதைப் பகிர்கிறார்கள் என்ற கேள்வி. இதற்கு மலேசியத் தமிழுலகம் தந்திருக்கும் மிகப் பெரிய சான்று பத்துமலை. வணிக நூல்கள் அதை ஏன் எடுத்தாள்வதில்லை என்பது வியப்பாகவே இருக்கிறது. 2006 ஜனவரியில் திறக்கப்பட்ட 42.7 மீட்டர் உயர முருகன் சிலை ஏற்கெனவே பலர் படமெடுக்கும் இடமாகத்தான் இருந்தது. 2018 ஆகஸ்டில், 12 ஆண்டுகளுக்கு ஒருமுறை நடக்கும் குடமுழுக்கை முன்னிட்டு, குகைக்கு ஏறும் 272 படிகளுக்கும் வானவில்போல் பல வண்ணங்கள் தீட்டப்பட்டன. சில நாள்களுக்குள் அப்படிகளின் படம் படவரியில் உலகமெங்கும் சுற்றியது. வெளிநாட்டு நாளேடுகளும் பயண இதழ்களும் அதைச் செய்தியாக்கின. ஒரு சுற்றுலா வாரியம் கோடிக்கணக்கில் செலவழித்தும் வாங்க முடியாத கவனம், சில டின் சாயத்துக்கும் சில வாரக் கூலிக்கும் கிடைத்தது. மரபுடைமைத் தலத்தில் அனுமதி பெறாமல் வண்ணம் பூசியதாகத் தேசிய மரபுடைமைத் துறை ஆட்சேபம் எழுப்பியதும் அதே நாள்களில்தான். அந்தச் சர்ச்சையும் படத்தை மேலும் பரப்பியதே தவிரக் குறைக்கவில்லை.

இந்நிகழ்விலிருந்து வணிகர்கள் பொதுவாக எடுத்துக்கொள்ளும் பாடம், சுவருக்குப் பளிச்சென்று வண்ணம் அடித்தால் கூட்டம் வரும் என்பது. சுவரில் ஒட்டிய செயற்கைப் புற்களும், அவற்றின்மேல் ஒளிரும் ஆங்கில வாசகங்களும், தேவதைச் சிறகுகளும் கடைகளில் பெருகியது அப்படித்தான். ஆனால் பத்துமலைப் படிகளுக்கு வண்ணம் அடிக்கப்பட்டது படமெடுப்பதற்காக இல்லை. குடமுழுக்குக்குக் கோயிலைப் புதுக்குவது மரபு, கோபுரத்துக்கு வண்ணம் தீட்டுவதும் மரபு. அந்த மரபு இம்முறை படிக்கட்டுக்கும் நீண்டது, அவ்வளவுதான். படமெடுக்க வந்தவர்கள் படியின் நிறத்தை மட்டும் எடுத்துக்கொண்டு திரும்பவில்லை. பால்குடம் சுமந்தவரையும், தேங்காயைப் பறித்தோடும் குரங்கையும், மூச்சு வாங்கி நடுவில் உட்கார்ந்துவிட்ட தங்கள் தந்தையையும் சேர்த்தே எடுத்தனர். அடிவாரத்தில் மாலை தொடுப்பவர், இளநீர் வெட்டுபவர், சைவ உணவகம் நடத்துபவர், அரைக்கால் சட்டையோடு வந்துவிட்டவருக்குக் கைலி வாடகைக்குக் கொடுப்பவர் என ஒரு சிறு பொருளாதாரமே அப்படங்களால் பயன்பெற்றது. அவர்களில் ஒருவரும் அதற்கென்று ஒரு காசு செலவழிக்கவில்லை. தன் வேலையைத் தன் முறையில் செய்யும் இடமே பகிரத்தக்கதாகிறது. புற்சுவரை எல்லாக் கடையும் வாங்கிவிடலாம் என்பதால், அதன் முன் எடுத்த படத்தைப் பார்ப்பவருக்கு அது எந்தக் கடை என்றுகூட நினைவில் நிற்பதில்லை.

பகிர்வுகளைத் திரட்டித் தன் பக்கத்தில் ஒட்டிக்கொள்வதோடு வணிகத்தின் பயன் முடிந்துவிடுவதாகக் கருதுவது அடுத்த பிழை. அவற்றைப் படித்துப் பார்ப்பதில்தான் பெரும்பகுதி ஆதாயம் இருக்கிறது. வெள்ளிக்கிழமை மதியம் எடுக்கப்படும் ஒரு வாழையிலைச் சாப்பாட்டுப் படத்தில் வழக்கமாகக் காணக்கிடைப்பவற்றைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்கலாம். இலையின் மேற்பாதியில் மூன்று காய்களும் ஓரத்தில் பாகற்காய் வறுவலும் மோர்மிளகாயும் இருக்கின்றன. சோற்றின் நடுவே குழித்த இடத்திலிருந்து சாம்பார் ஒருபக்கமாக வழிந்து இலை நரம்பைத் தாண்டியிருக்கிறது. எவர்சில்வர் டம்ளரில் ரசம். அதன் அருகே பணம் செலுத்தும் டூயிட்நவ் கியூஆர் அட்டை, மூலையில் எண்ணெய்க் கறையோடு. பின்னணியில் இரண்டு காலி மேசைகளும் விலைப்பலகையின் பாதியும் தெரிகின்றன. படத்தை எடுத்தவர் அப்பளத்தை மட்டுமே பார்த்து எடுத்திருப்பார். கடைக்காரருக்கோ அது தன் கடையைத் தான் ஒருபோதும் உட்காராத நாற்காலியிலிருந்து பார்க்கும் வாய்ப்பு. வெள்ளிக்கிழமை மதியத்தில் மேசை ஏன் காலியாக இருந்தது, கியூஆர் அட்டையை யார் துடைக்க வேண்டும், மூன்றாவது காய் ஏன் எல்லாப் படங்களிலும் தொடப்படாமலே கிடக்கிறது ஆகிய கேள்விகளுக்கு வாடிக்கையாளரைக் கூப்பிட்டுக் கருத்தாய்வு நடத்தத் தேவையில்லை.

படத்தின் கீழே வரும் கேள்விகள் அதைவிடப் பயனுள்ளவை. எங்கே இருக்கிறது, பார்க்கிங் சூசா தாக் (வண்டி நிறுத்தச் சிரமமா), திங்கட்கிழமை திறந்திருக்குமா, சைவத்துக்குத் தனிக் கரண்டியா, புரட்டாசி மாதத்தில் அசைவம் சமைக்காத நாள் உண்டா, ஹலாலா எனத் தமிழும் மலாயும் ஆங்கிலமும் கலந்து வரும் கேள்விகள் ஒவ்வொன்றும், வர நினைத்து வாசலிலேயே தயங்கி நிற்கும் ஒருவருடையவை. இவற்றுக்குப் பெரும்பாலும் கடைக்காரர் விடை சொல்வதில்லை. வேறொரு வாடிக்கையாளர் சொல்லிவிடுகிறார், சில வேளை தவறாகவும் சொல்கிறார். ஹலால் பற்றிய விடையில் இது ஆபத்தாக மாறக்கூடும். ஹலால் சான்றிதழ் வழங்கும் அதிகாரம் மலேசியாவில் இஸ்லாமிய மேம்பாட்டுத் துறையான ஜாக்கிமுக்கும் மாநில இஸ்லாமியச் சமயத் துறைகளுக்குமே உண்டு, 2011ஆம் ஆண்டின் வணிக விவரிப்புச் சட்டமும் அதன் கீழ் வந்த ஆணைகளும் அச்சொல்லின் பயன்பாட்டைக் கட்டுப்படுத்துகின்றன. சான்றிதழ் பெறாத ஒரு கடையைப் பற்றி அன்பு மிகுதியால் ஒரு வாடிக்கையாளர் ஹலால்தான் என்று எழுதிவிட்டால் அது அவருடைய கருத்து. அதையே கடை தன் பக்கத்தில் மறுபகிர்வு செய்தால், கடையே அப்படிச் சொன்னதாகக் கொள்ளப்படும் நிலை உருவாகலாம். பிறர் சொல்லைத் தன் வாயால் திருப்பிச் சொல்பவர் அச்சொல்லுக்கும் பொறுப்பாளி ஆகிறார்.

கூகுள் வரைபடத்தில் நடப்பது மேலும் அமைதியானது, ஆனால் பணப்பெட்டிக்கு நெருக்கமானது. அங்கே ஒரு கடையின் பக்கத்தில் இருக்கும் படங்களில் பெரும்பான்மை வாடிக்கையாளர் ஏற்றியவை. மூன்று ஆண்டுகளுக்கு முன் யாரோ எடுத்த விலைப்பலகைப் படம் மேலே நிற்கும். சாப்பாடு 8 வெள்ளி (ரிங்கிட்) என்று அதில் பார்த்துவிட்டு வந்தவர், கல்லாவில் 12 வெள்ளி கேட்டவுடன் ஏமாற்றப்பட்டதாக உணர்ந்து ஒற்றை நட்சத்திரம் போட்டுவிட்டுப் போவார். இதில் யாருடைய குற்றமும் இல்லை, கடைக்காரர் தன் பக்கத்தைத் தானே திறந்து பார்க்காததைத் தவிர. புதிய பலகையின் படத்தைத் தேதியோடு ஏற்றுவதற்கு ஐந்து நிமிடம் போதும். வாடகை கொடுத்து வைத்திருக்கும் பெயர்ப்பலகையைத் துடைப்பவர்கள், வாடகையில்லாத இந்தப் பலகையை ஆண்டுக்கணக்கில் தூசி படியவிடுவது புரியாத விஷயம்.

துணிக்கடைகளின் அனுபவம் இன்னொரு கோணத்தைக் காட்டுகிறது. தீபாவளிக் காலத்தில் ஜாலான் தெங்கு கிளானாவில் விற்கும் புடவையின் கடைப்படம் வெள்ளை விளக்கின் கீழ் எடுக்கப்பட்டது. அதில் மயில்கழுத்து நிறம் வெறும் நீலமாகத் தெரியும். அதே புடவையைத் தீபாவளிக் காலையில் எண்ணெய்க் குளியல் முடித்து உடுத்தி, வீட்டு வாசலில் சூரிய ஒளியில் ஒருவர் எடுத்து இடும் படத்தில்தான் உண்மையான நிறம் தெரிகிறது, துணி எப்படி விழுகிறது என்பதும் தெரிகிறது. புலனம் (வாட்ஸ்அப்) வழியே வெளியூருக்கு விற்கும் கடைக்கு, நிறம் வேறாக இருக்கிறது என்று திரும்பி வரும் பொட்டலங்கள்தான் பெரிய தலைவலி. அத்தலைவலிக்கு வாடிக்கையாளரின் வாசற்படிப் படத்தைவிட நல்ல மருந்து இல்லை. மெலிந்த விளம்பர அழகியர் உடுத்திய படத்தைப் பார்த்துத் தனக்கு எப்படி இருக்கும் என்று கணிக்க முடியாதவர்கள், தம்மைப்போன்ற உடல்வாகு கொண்ட ஒருவர் உடுத்தியதைப் பார்த்துத் துணிந்து வாங்குகின்றனர்.

ஆனால் அந்தப் படம் யாருடையது? வணிகர்களில் பெரும்பாலோர் சறுக்கும் இடம் இது. பொதுவில் வைக்கப்பட்ட படம் பொதுச் சொத்து என்று எண்ணி, அதைச் சேமித்துத் தம் பெயர்ச்சின்னத்தைப் பொறித்து விளம்பரப் பதாகையில் அச்சிட்டுவிடுகின்றனர். மலேசியாவின் 1987ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின்படி படத்தின் உரிமை பொதுவாக அதை எடுத்தவருக்கே உரியது. தளத்தில் ஏற்றியதால் அவ்வுரிமை கடைக்கு வந்துவிடுவதில்லை. 2010இல் ஹெய்ட்டி நிலநடுக்கத்தின்போது டேனியல் மோரெல் என்ற ஒளிப்படக் கலைஞர் டுவிட்டரில் இட்ட படங்களை அனுமதியின்றிப் பயன்படுத்தியதற்காக, ஏஎஃப்பி செய்தி நிறுவனமும் கெட்டி இமேஜஸும் 12 லட்சம் அமெரிக்க டாலர் இழப்பீடு தரவேண்டுமென 2013இல் நியூயார்க் நடுவர் குழு தீர்ப்பளித்தது. உலகளாவிய நிறுவனங்களே இதில் தடுக்கி விழுந்திருக்கின்றன.

திருமண வணிகத்தில் இது இன்னும் சிக்கலாகிறது. மணமேடை அலங்கரிப்பவர், ஒப்பனைக் கலைஞர், புடவைக் கடைக்காரர், சமையல் ஒப்பந்தக்காரர் ஆகிய நால்வரும் ஒரே திருமணப் படத்தைத் தம் பக்கங்களில் போட்டுக்கொள்ள விரும்புவர். படம் எடுத்தவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டால் போதும் என்றும் நினைப்பர். மேற்சொன்ன சட்டத்தின் 26ஆம் பிரிவு வேறு விதமாகச் சொல்கிறது: கூலி கொடுத்து எடுக்கச் சொன்ன படத்தின் உரிமை, மாற்று ஒப்பந்தம் இல்லாதவிடத்து, எடுக்கச் சொன்னவருக்கே மாறியதாகக் கொள்ளப்படும். அதாவது கேட்கவேண்டியது பெண்வீட்டாரையும் மாப்பிள்ளை வீட்டாரையும். முகம் தெளிவாகத் தெரியும் படத்தை வணிகத்துக்குப் பயன்படுத்தும்போது 2010ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் குறுக்கே வரலாம். சட்டத்தை ஒருபக்கம் வைத்துவிட்டாலும், அக்கா, உங்கள் படத்தை எங்கள் பக்கத்தில் போட்டுக்கொள்ளலாமா, உங்கள் பெயரையும் சேர்க்கிறோம் என்று புலனத்தில் அனுப்பும் ஒரு செய்திக்கு மறுப்பு வருவது அரிது. கேட்கப்பட்டவர் அந்தப் பதிவைத் தன் உறவினருக்கெல்லாம் அனுப்பிவைக்கிறார். கேட்கப்படாதவர், தற்செயலாகத் தன் முகத்தைப் பதாகையில் கண்டால், வேறு விதமான பதிவு எழுதுகிறார்.

விலைக்கு வாங்கும் புகழ்ச்சியின் கதை இதனினும் சுருக்கமானது. ஐந்து நட்சத்திரம் போட்டுக் காட்டினால் தே தாரேக் இலவசம் என்று மேசைமேல் அட்டை வைக்கும் பழக்கம் பரவலாகக் காணப்படுகிறது. சலுகைக்கு ஈடாக மதிப்புரை பெறுவதைக் கூகுளின் விதிகள் தடைசெய்கின்றன என்பது பல கடைக்காரர்களுக்குத் தெரியாது. தெரிந்தவர்கள் பக்கத்துக் கடையும் செய்கிறதே என்கின்றனர். அமெரிக்காவின் கூட்டரசு வணிக ஆணையம் போலி மதிப்புரைகளைத் தடைசெய்யும் விதியை 2024 அக்டோபரில் நடைமுறைப்படுத்தியது. இந்தியா 2022இலேயே இணைய மதிப்புரைகளுக்கு ஐஎஸ் 19000 என்ற தரநிலையை வகுத்தது. சட்டம் பிடிக்கிறதோ இல்லையோ, படிப்பவர் பிடித்துவிடுகிறார். ஒரே வாரத்தில் வந்த நாற்பது மதிப்புரைகளும் ஒரே பணியாளரின் பெயரைச் சொல்லி, நல்ல சேவை என்ற இரண்டு சொற்களோடு முடிந்தால், அந்த நாற்பதுக்கும் சேர்த்து ஒரு தே தாரேக்கின் மதிப்புத்தான். லூக்காவும் ஜார்ஜியோஸ் செர்வாஸும் பாஸ்டன் நகர உணவகங்களை வைத்துச் செய்த ஆய்வில், யெல்ப் மதிப்புரைகளில் ஏறத்தாழ 16 விழுக்காடு ஐயத்துக்குரியவை எனத் தளத்தால் ஒதுக்கப்பட்டிருந்தன; பெயர் நலிந்திருந்த கடைகளே அவ்வழியை மிகுதியாக நாடின.

குறைகூறும் பதிவு வரும்போது வழக்கறிஞர் கடிதம் அனுப்புவேன் என்று மிரட்டுவதும், உறவினர் கூட்டத்தைக் கூட்டிவந்து எழுதியவரைத் திட்டவைப்பதும் இப்பள்ளத்தாக்கில் புதிதல்ல. ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்று தெரிந்த சமூகம், திறன்பேசி விஷயத்தில் மட்டும் அதை மறந்துவிடுகிறது. டாவிடே ப்ரோசெர்பியோவும் செர்வாஸும் 2017இல் வெளியிட்ட ஆய்வு, டிரிப்அட்வைசர் தளத்தில் மதிப்புரைகளுக்குப் பதில் எழுதத் தொடங்கிய தங்குவிடுதிகள், அதன்பின் 12 விழுக்காடு கூடுதலான மதிப்புரைகளையும் சராசரியில் 0.12 நட்சத்திர உயர்வையும் பெற்றதாகக் காட்டியது. ஆய்வாளர் அதற்குச் சொல்லும் விளக்கம் சுவையானது: கடைக்காரர் படிக்கிறார் என்று தெரிந்தவுடன், காரணமில்லாமல் இரண்டு வரியில் வசைபாடிவிட்டுப் போவோர் குறைகின்றனர், குறை சொல்வோர் விவரமாகச் சொல்லத் தொடங்குகின்றனர். ரசம் உப்பு என்று மட்டும் எழுதியவருக்குக் கடை பணிவாகப் பதில் எழுதியதைப் பார்த்த அடுத்தவர், புதன்கிழமை இரவு ரசம் உப்பு, மதியத்தில் நன்றாக இருக்கிறது என்று எழுதுவார். இரவுச் சமையலுக்கு வேறு ஆள் என்பது கடைக்காரருக்கு மட்டுமே தெரிந்த விவரம்.

இவ்வளவுக்கும் தனி ஆள் வைக்கத் தேவையில்லை. ஸ்ரீ கெம்பாங்கானின் ஒரு கடைவீட்டு உணவகத்தில், மதியக் கூட்டம் கலைந்து மாலைப் பலகாரத்துக்கு எண்ணெய் காயும் அந்த முக்கால் மணி நேரத்தில், கல்லாவில் இருப்பவர் அன்றைய பதிவுகளைத் திறந்து பார்த்தால் நாலைந்து கேள்விகள் விடையில்லாமல் நிற்கும். பார்க்கிங் பின்சந்தில் இருக்கிறது, பட்டறைக்காரர் மதியம் இரண்டுக்குமேல் இடம் விடுவார் என்று அவர் எழுதினால், அதைப் படித்துவிட்டு அடுத்த வெள்ளிக்கிழமை பின்சந்து வழியாக யாராவது வருவர்.